கனவு சரி, சார்ஜர யாரு பார்த்துக்கறது? படிப்பு சாப்ட்வேர் கம்யூனிட்டிக்கு புதுசா வர்றவங்களுக்கு

குழந்தைங்க கத்துக்கறதுக்காக எழுதற ஓப்பன் சோர்ஸ் (கோட யாரு வேணாலும் பார்க்கலாம், மாத்தலாம்) சாப்ட்வேர் எதுலயாவது நீங்க புதுசா போய் சேர்ந்தீங்கன்னா, முதல் மாசமே ரெண்டு விதமான பேச்சு காதுல விழும். ஒரு பக்கம், மனப்பாடம் ஒழியணும், குழந்தை தானா யோசிச்சு தானா செஞ்சு பார்த்து கத்துக்கணும், அதுக்குத்தான் நாம இதெல்லாம் பண்றோம்னு பெருசா ஒரு பேச்சு ஓடும். இன்னொரு பக்கம், அதெல்லாம் சரிங்க, போன ரிலீஸ்ல சேவ் பண்ணது திரும்ப ஓப்பன் ஆக மாட்டேங்குது, யாராவது கொஞ்சம் பாருங்களேன்னு ஒரு பேச்சு ஓடும். புதுசா வர்றவங்களுக்கு இது ரெண்டு கோஷ்டி சண்டை மாதிரி தெரியும், நாம எந்தப் பக்கம் நிக்கறதுன்னு குழப்பம் வரும். எனக்கும் வந்துச்சு. நான் சில வருஷமா தமிழ் மொழிபெயர்ப்பும், ஸ்கூல் லேப்ல இருக்கற பழைய கம்ப்யூட்டர்ல இதையெல்லாம் போட்டுக் குடுக்கற வேலையும் செஞ்சுட்டு வர்றேன், அதுல எனக்குப் புரிஞ்சத ஆரம்பத்துல இருந்து சொல்றேன்.

முதல்ல வார்த்தைய தெளிவு பண்ணிக்கலாம். அந்த முதல் பேச்சு விஷன் பத்தினது, ரெண்டாவது வேலை பத்தினது. விஷன்னா, இந்த சாப்ட்வேர் வந்தா ஒரு குழந்தையோட நாள் எப்படி மாறும்ங்கற கேள்விக்கு அந்த கம்யூனிட்டி மனசுல வச்சிருக்கற பதில். வேலைன்னா கோடு எழுதறது மட்டும் இல்ல. பக், அதாவது சாப்ட்வேர்ல இருக்கற தப்ப பார்க்கறது, டெஸ்ட் பண்றது, மொழிபெயர்க்கறது, டீச்சருக்கு கையேடு எழுதறது, பத்து வருஷ பழைய மெஷின்ல ஓடுதான்னு பார்க்கறது, சர்வருக்கு பணம் கட்டறது, நேத்து வந்து சேர்ந்தவர் கேட்ட கேள்விக்கு இன்னிக்கே பதில் போடறது, எல்லாமே வேலைதான்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல இழுபறி எல்லா ப்ராஜெக்ட்லயும் இருக்கும், ஆனா படிப்பு சாப்ட்வேர்ல அது ஏன் இவ்ளோ அதிகமா இருக்குன்னு புரிஞ்சுக்க கிட் (Git), அதாவது பல பேர் சேர்ந்து எழுதற கோடுல யாரு எப்போ என்ன மாத்தினாங்கன்னு கணக்கு வச்சுக்கற டூல், எப்படி வந்துச்சுன்னு பாருங்க. 2005ல லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கெர்னல் (மையப் பகுதி) எழுதற ஆளுங்க அதுவரைக்கும் இலவசமா யூஸ் பண்ணிட்டிருந்த பிட்கீப்பர்ங்கற டூல் கைவிட்டுப் போச்சு, லினக்ஸ ஆரம்பிச்ச லினஸ் டார்வால்ட்ஸ் உக்காந்து சில நாள்லயே கிட்டுக்கு ஒரு முதல் உருவம் குடுத்துட்டாரு. அது அவ்ளோ சீக்கிரம் உருப்படியா வந்ததுக்கு காரணம், எழுதினவரும் அவரே, யூஸ் பண்ணப்போறவரும் அவரே. ஏதாவது சரியில்லன்னா அன்னிக்கு சாயங்காலமே அவருக்குத் தெரிஞ்சுடும். படிப்பு சாப்ட்வேர்ல அப்படி இல்லையே. எழுதறவருக்கு முப்பது வயசு, யூஸ் பண்றவளுக்கு எட்டு வயசு. வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது ஒரு அதிகாரி, இன்ஸ்டால் பண்றது இன்னொருத்தர், வகுப்புல நடத்தறது டீச்சர். எட்டு வயசுப் பொண்ணு பக் ரிப்போர்ட் போட மாட்டா. பிடிக்கலன்னா ஜன்னலப் பார்ப்பா, இல்லன்னா பக்கத்துல இருக்கறவ கூட பேச ஆரம்பிச்சுடுவா. அது உங்க ரெப்போல (கோடு வச்சிருக்கற இடத்துல) எந்த இஷ்யூவாவும், அதாவது எழுதிப் போட்ட புகாராவும், வந்து நிக்காது.

அதனால என்ன ஆகுதுன்னா, குழந்தை பேச முடியாத அந்த இடத்துல விஷன் வந்து உக்காந்துக்குது. குழந்தைக்கு என்ன வேணும்னு குழந்தைக்குப் பதிலா நாமளே சொல்ல ஆரம்பிக்கறோம். நல்ல மனசோடதான் சொல்றோம், ஆனா சரிபார்க்க ஆள் இல்ல. என்னைக் கேட்டா மத்ததெல்லாம் இந்த ஒரு விஷயத்துல இருந்து கிளம்பறதுதான்.

இதுக்கு நல்ல உதாரணம் சுகர், குழந்தைங்க லேப்டாப்புக்காக எழுதின ஒரு சாப்ட்வேர். கதை கொஞ்சம் பெருசு, பொறுமையா படிங்க.

1967ல அமெரிக்காவுல சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோய்ர்ஸைக் இவங்கல்லாம் சேர்ந்து லோகோங்கற மொழிய கொண்டு வந்தாங்க. அதுல பின்னாடி ஒரு ஆமை வந்து சேர்ந்துச்சு, முன்னாடி போ, வலப்பக்கம் திரும்புன்னு குழந்தை சொல்லச் சொல்ல அந்த ஆமை கோடு போடும், கோணம்னா என்னன்னு குழந்தைக்கு போர்டுல எழுதிப் போடாமலே புரியும். குழந்தை கையால ஒண்ண உருவாக்கும்போதுதான் நல்லா கத்துக்குதுங்கறது பேப்பர்ட்டோட கொள்கை. 1972ல ஆலன் கே, ஒவ்வொரு குழந்தை கையிலயும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கணும்னு டைனாபுக்ங்கற பேர்ல எழுதினாரு, அப்போ அப்படி ஒரு மெஷின செய்யவே முடியாது. இந்த ரெண்டு கனவும் சேர்ந்து 2005ல ஒரு பெரிய திட்டமாச்சு, நிக்கோலஸ் நெக்ரோபான்டே ஆரம்பிச்ச குழந்தைக்கு ஒரு லேப்டாப் திட்டம். நூறு டாலர் லேப்டாப்னு உலகமே பேசுச்சு.

2005 நவம்பர்ல டூனிஸ்ல நடந்த ஐ.நா. மாநாட்டுல அந்த பச்சை கலர் மாடல காட்டினாங்க. பக்கத்துல மஞ்சளா ஒரு கைப்பிடி, கரண்ட் இல்லாத ஊர்ல அத சுத்தினா சார்ஜ் ஏறும்னு ஐடியா. அப்போ ஐ.நா. பொதுச் செயலாளரா இருந்த கோஃபி அன்னான் சுத்திப் பார்த்தப்போ அந்தக் கைப்பிடி கையோட வந்துருச்சு. கடைசியா ஃபேக்டரில இருந்து வெளிய வந்த மெஷின்ல கைப்பிடியே இல்ல, விலையும் நூறு டாலர்ல நிக்காம 190க்கு பக்கத்துல போச்சு. இதச் சொல்லி அந்த திட்டத்த மட்டம் தட்டறது என் நோக்கம் இல்ல. அதே மெஷின்ல மேரி லூ ஜெப்சன் டிசைன் பண்ண ஸ்கிரீன் வெயில்ல வச்சாலும் படிக்க முடிஞ்சுச்சு, மரத்தடில நடக்கற வகுப்புக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிங்க. ஒரே கனவுல இருந்துதான் ரெண்டும் வந்துச்சு. கைப்பிடி மேடைல காட்ட அழகா இருந்துச்சு, ஸ்கிரீனுக்கு ஒருத்தர் உக்காந்து மாசக்கணக்குல வேலை பார்த்தாங்க.

அந்த மெஷினுக்காக எழுதின சாப்ட்வேர்தான் சுகர். பைத்தான்ங்கற ப்ரோக்ராம் மொழில எழுதினது, முழுக்க ஓப்பன் சோர்ஸ். அப்ளிகேஷன்னு சொல்லாம ஆக்டிவிட்டின்னு சொல்வாங்க, டெஸ்க்டாப் கிடையாது, நடுவுல குழந்தையோட உருவம், சுத்தி ஆக்டிவிட்டிங்க, இன்னொரு ஸ்கிரீன்ல பக்கத்துல யார் யாரு ஆன்லைன்ல இருக்காங்கன்னு காட்டும். எதையும் திறந்து உள்ள இருக்கற கோட பார்க்க கீபோர்டுலயே தனியா ஒரு கீ வச்சிருந்தாங்க. எனக்கு இன்னிக்கும் சிலிர்க்கற விஷயம் அந்தக் கீதான்.

இப்ப ஒரே ஒரு விஷயத்த மட்டும் பக்கத்துல வச்சுப் பார்ப்போம், ஜர்னல். சுகர்ல குழந்தைக்கு ஃபைல், ஃபோல்டர் எதுவும் கிடையாது, சேவ் பண்ணணும்னும் இல்ல. குழந்தை செய்யறதெல்லாம் ஒரு டைரி மாதிரி தேதி வரிசைல தானா பதிவாகும். காரணம் அருமையானது: குழந்தைக்கு ஃபைல் சிஸ்டம் எதுக்கு, நேத்து நான் என்ன செஞ்சேன்னு திரும்பிப் பார்க்கறதுதானே கத்துக்கறது, டீச்சரும் அம்மாவும் அதப் பார்த்து குழந்தைகிட்ட பேசலாமே. தாள்ல படிச்சா யாருமே தப்பு சொல்ல முடியாத டிசைன்.

வகுப்புல என்ன ஆச்சு? ஆமை ஆக்டிவிட்டிய ஒரு பையன் ஒரு நாள்ல பத்து தடவை திறப்பான், மூடுவான். ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு பதிவு, எல்லாத்துக்கும் ஒரே பேர். ஒரு வாரத்துல ஜர்னல் முழுக்க ஒரே பேர் வரிசையா நிக்கும், அதுல நேத்து அவன் போட்ட வீடு எது, சும்மா திறந்து மூடினது எதுன்னு அவனுக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. இது போக அந்த மெஷின்ல மொத்த இடமே 1 ஜிபி, அதுல சிஸ்டமே ஒரு பெரிய பங்க எடுத்துக்கும், கேமரா வேற இருக்கு, பசங்க போட்டோவும் வீடியோவும் எடுத்துத் தள்ளுவாங்க. இடம் முழுசா நிரம்பினா சில மெஷின் ஆன் பண்ணாலும் ஸ்கிரீனுக்கே வராம நின்னுச்சு. அப்போ அந்த ஊர்ல யாராவது டெர்மினல்ல (கட்டளை டைப் பண்ற கறுப்பு ஸ்கிரீன்ல) உள்ள போய் அழிக்கணும், இல்லன்னா எல்லாத்தையும் துடைச்சுட்டு புதுசா போடணும், அதுல குழந்தை வரைஞ்சதெல்லாம் போயிரும். உன் வேலைய நீ திரும்பிப் பார்க்கணும்னு கட்டின டிசைன், கடைசில அந்த வேலையவே அழிக்க வேண்டிய நிலைமைல கொண்டு வந்து விட்டுச்சு.

இத எப்படி சரி பண்ணாங்கங்கறதுதான் இந்தக் கட்டுரைக்கே முக்கியமான இடம். ஜர்னல தூக்கி எறிஞ்சுட்டு ஃபைல், ஃபோல்டர் கொண்டு வரல. ஒரு சின்ன மாத்தம். ஆக்டிவிட்டி ஐகான க்ளிக் பண்ணா புதுசா ஆரம்பிக்காம, கடைசியா விட்ட இடத்துல இருந்து தொடரும்னு மாத்தினாங்க, புதுசா வேணும்னா தனியா சொல்லிக்கலாம். அவ்ளோதான். ஆனா இந்த மாத்தத்துக்கு ரெண்டு விதமான அறிவும் வேணும் பாருங்க. வகுப்புல போய் பார்க்காதவருக்கு பிரச்சனையே தெரிஞ்சிருக்காது. ஜர்னல் எதுக்குன்னு புரியாதவரு, பேசாம ஃபோல்டர் போட்டுடலாம்னு சொல்லியிருப்பாரு. நேத்து விட்ட வேலைய இன்னிக்கு தொடர்றதுன்னு வந்தப்புறம் ஜர்னல் முன்ன விட அதிகமா டைரி ஆச்சு, ஏன்னா இப்ப ஒரு பதிவு ஒரு வேலைன்னு ஆயிடுச்சு.

மெஷ் நெட்வொர்க்குக்கும் இதே கதைதான், சுருக்கமா சொல்லிடறேன். ரவுட்டரே இல்லாம லேப்டாப்பும் லேப்டாப்பும் நேரா பேசிக்கும்னு கனவு, தூரம் தூரமா வீடு இருக்கற ஊருக்கு நல்ல யோசனை, ஆனா ஒரே ரூம்ல நிறைய மெஷின் ஒண்ணா ஆன் ஆனா நெரிசல்ல எதுவுமே ஓடாது, பள்ளிக்கூடம்னா அதுதானே நடக்கும். பல இடத்துல சாதாரண ஆக்சஸ் பாயிண்ட்தான் வச்சாங்க.

மெஷின் 2007 கடைசில பெருசா தயாரிப்புக்கு வந்துச்சு. 2008ல திட்டத்துக்குள்ளயே பெரிய முறிவு. விண்டோஸ் போடலாம்னு பேச்சு வந்துச்சு, சாப்ட்வேர் பக்கம் தலைவரா இருந்த வால்டர் பெண்டர் ஏப்ரல்ல விலகினாரு, மே மாசம் சுகர் லேப்ஸ்னு தனியா வாலன்டியர் கம்யூனிட்டி ஆரம்பிச்சாரு. இதுல யாரு சரின்னு இன்னிக்கும் ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. விண்டோஸ் கேட்டது சில நாட்டு அதிகாரிங்க, அவங்களுக்கு வேலைக்கு உதவற கம்ப்யூட்டர் அறிவு வேணும், அதுவும் நிஜமான தேவைதான். அப்புறம் வந்த மாடல்ல சுகரும் இருக்கும், சாதாரண க்னோம் டெஸ்க்டாப்பும் இருக்கும், மாத்திக்கலாம்னு பண்ணாங்க. பெரிய பசங்களுக்கு அது தேவைப்பட்டுச்சு. என் பார்வைல அது தோல்வி இல்ல, பன்னெண்டு வயசுப் பையன் ஆறு வயசுக் குழந்தைக்கு செஞ்ச வீட்டுலயே இருக்கணும்னு யாரும் சொல்ல முடியாது.

சரி, ஊர் ஊரா என்ன ஆச்சு? பெருவுல எட்டு லட்சத்துக்கு மேல லேப்டாப் குடுத்தாங்க, இந்தத் திட்டத்துலயே பெரிய விநியோகம். 2012ல இன்டர் அமெரிக்கன் டெவலப்மென்ட் பேங்க் வெளியிட்ட ஆய்வு 319 கிராமத்துப் பள்ளிகள எடுத்துப் பார்த்துச்சு, கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் முன்னேற்றம் தெரியல, பொதுவா யோசிக்கற திறனப் பார்க்கற தேர்வுல மட்டும் கொஞ்சம் நல்ல மாத்தம் தெரிஞ்சுச்சு. அந்தப் பள்ளிகள்ல பெரும்பாலும் இன்டர்நெட் இல்ல. மெஷின் போச்சு, மெஷின் கூட போக வேண்டியது எல்லாம் போகல.

உருகுவே சின்ன நாடு, அங்க ப்ளான் செய்பல்னு 2007ல கார்டால்ங்கற சின்ன ஊர்ல ஒரே பள்ளியில ஆரம்பிச்சு, 2009 முடியறதுக்குள்ள அரசுப் பள்ளி தொடக்க வகுப்புக் குழந்தைங்க எல்லாருக்கும் குடுத்து முடிச்சாங்க. ஆனா அவங்க லேப்டாப்ப குடுத்துட்டு கைகழுவல. பள்ளிக்கு இன்டர்நெட் இழுக்கறது, உடைஞ்சத ரிப்பேர் பண்றது, சார்ஜர் போனா எங்க போய் கேக்கறது, டீச்சருக்கு பயிற்சி, இதுக்கெல்லாம் ஒரு அமைப்பே வச்சாங்க. பேச்சுல சார்ஜர் ரொம்ப சின்ன விஷயம்தான், ஆனா சார்ஜர் இல்லாத குழந்தைக்கு கனவு இல்ல, ஒரு பச்சை டப்பாதான் இருக்கு.

நேபாளத்த பத்தி தனியா சொல்லணும், எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் அது. அங்க ஓலே நேபாள்னு ஒரு தன்னார்வ அமைப்பு 2008ல ரெண்டு பள்ளியில ஆரம்பிச்சாங்க. அவங்க முதல்ல செஞ்சது, அரசு பாடத்திட்டத்த கைல எடுத்து, எந்த வகுப்புல எந்தப் பாடத்துக்கு எந்த ஆக்டிவிட்டின்னு நேபாளி மொழியிலயே எழுதினது. இ-பாட்னு பேரு. அதோட இ-புஸ்தகாலயான்னு இன்டர்நெட் இல்லாத பள்ளிக்கூடத்துலயும் ஓடற மாதிரி ஒரு டிஜிட்டல் லைப்ரரி. பேப்பர்ட் கொள்கைய அப்படியே பிடிச்சுக்கறவங்க, இது பயிற்சிக் கணக்கு மாதிரில்ல இருக்கு, குழந்தை உருவாக்கறது எங்கன்னு கேக்கலாம், நியாயமான கேள்விதான். ஆனா நாப்பது பசங்கள வச்சுட்டு, வருஷக் கடைசில பாடத்த முடிச்சாகணும்னு நிக்கற ஒரு டீச்சர், தன் பாடத்துக்கு உதவாத மெஷின பீரோல பூட்டி வச்சுடுவாங்க. உள்ள வர்றதுக்கே ஒரு வாசல் வேணும், நேபாளத்துல அந்த வாசல பாடத்திட்டத்துல வச்சாங்க.

இது எனக்கு புஸ்தகத்துல படிச்சு புரியல. ஒரு தடவை ஒரு கிராமத்து ஸ்கூல்ல பத்து கம்ப்யூட்டர்ல எழுத்து, கணக்கு விளையாட்டெல்லாம் போட்டுக் குடுத்தேன். எழுத்த சத்தமா சொல்லும், குழந்தை அந்த எழுத்த க்ளிக் பண்ணணும், அப்படி ஒரு விளையாட்டு. வீட்டுல டெஸ்ட் பண்ணப்போ பிரமாதமா ஓடுச்சு. அங்க ஒரு பாப்பா ரொம்ப நேரமா ஸ்கிரீனையே பார்த்துட்டு இருந்தா, கை அசையவே இல்ல. பக்கத்துல போய் என்னடான்னு கேட்டேன். "அக்கா, இது ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதுக்கா"ன்னா. அந்த லேப்ல ஒரு மெஷினுக்கும் ஸ்பீக்கர் இல்ல. எழுதினவங்களுக்கு அப்படி ஒரு லேப் இருக்கும்னே தோணியிருக்காது, எனக்கும்தான் தோணல. அதே நேரம் பின்னாடி நின்னுட்டிருந்த டீச்சர் மெதுவா கேட்டாங்க, "ஏம்மா, இது மூணாங்கிளாஸ்ல எந்தப் பாடத்துக்கும்மா வரும்?" எனக்கு பதில் தெரியல. குழந்தை சுதந்திரமா கத்துக்கறத பத்தி நான் அதுவரைக்கும் எவ்ளோ பேசியிருப்பேன், இந்த ஒரு கேள்விக்கு என்கிட்ட ஒரு வரி கூட இல்ல.

இப்ப வேலைப் பக்கம் வருவோம், ஏன்னா கனவு காணறவங்கள மட்டும் குறை சொன்னா அது அநியாயம். வெளிய யார் கண்ணுக்கும் தெரியாத வேலை எவ்ளோ இருக்குன்னு புதுசா வர்றவங்களுக்கு தெரியறதில்ல. பைத்தான் 2க்கு ஆதரவு 2020 ஜனவரி 1ஓட நின்னுச்சு. சுகரும் அதோட ஆக்டிவிட்டிங்களும் எழுதப்பட்டது பைத்தான் 2ல. ஒவ்வொண்ணையும் யாராவது திறந்து, மாத்தி, ஓட்டிப் பார்த்து, உடைஞ்சத சரி பண்ணணும். இத முடிச்சா குழந்தைக்கு என்ன புதுசா கிடைக்கும்? ஒண்ணும் கிடைக்காது, நேத்து ஓடினது இன்னிக்கும் ஓடும். செய்யலன்னா மொத்தமும் போயிடும். கூகுள் காசு குடுத்து மாணவர்கள ஓப்பன் சோர்ஸ்ல வேலை செய்ய வைக்கற சம்மர் ஆஃப் கோடு திட்டத்துல வந்த மாணவர்களும் வாலன்டியர்களும் சேர்ந்து இழுத்துப் போட்டு செஞ்சாங்க.

ஸ்க்ராட்ச் எல்லாருக்கும் தெரியும், கலர் கலரா ப்ளாக் மாட்டி பூனைய நடக்க வைப்போமே அது. 2007ல வெளிய வந்தப்போ அது ஸ்க்வீக்ங்கற ப்ரோக்ராம் சூழல்ல எழுதினது, 2013ல ஃப்ளாஷ்ல திரும்ப எழுதினாங்க, ஃப்ளாஷ் சாகப்போகுதுன்னு தெரிஞ்சதும் 2019 ஜனவரில ஜாவாஸ்க்ரிப்ட்ல மூணாவது தடவை வந்துச்சு. ரெண்டு தடவை வீட்ட இடிச்சுக் கட்டியிருக்காங்க, ஆனா பழைய ப்ராஜெக்ட புதுசுலயும் திறக்கலாம், ப்ளாக் மாட்டற அந்த யோசனையும் மாறல. ஃபிரான்ஸ்ல ப்ரூனோ குடோவன் 2000ல ஆரம்பிச்ச ஜிகாம்ப்ரி சின்னக் குழந்தைங்களுக்கானது, 2014ல டேப்லெட்லயும் ஓடணும்னு மொத்தத்தையும் க்யூட்டி (Qt)ங்கற டூல வச்சு திரும்ப எழுத ஆரம்பிச்சாங்க, நூத்துக்கு மேல இருந்த விளையாட்டுங்கள ஒண்ணு ஒண்ணா கொண்டு வந்தாங்க. ஒவ்வொரு விளையாட்டும் தனித்தனி சின்னத் துண்டா இருக்கறதால புதுசா வர்ற ஒருத்தர் ஒரே ஒரு விளையாட்ட மட்டும் எடுத்து செய்ய முடிஞ்சுச்சு. விஷன் பெருசா இருந்தாலும் வேலைய சின்னச் சின்னதா வெட்டி வச்சா ஆள் சேரும், இத நான் பல ப்ராஜெக்ட்ல பார்த்துட்டேன்.

வேலை மட்டும் பார்த்தா என்ன ஆகும்னும் ஒரு உதாரணம் வேணும்ல, அதுக்கு மூடுல் இருக்கு, பாடத்த ஆன்லைன்ல நடத்த காலேஜெல்லாம் யூஸ் பண்ற சாப்ட்வேர். ஆஸ்திரேலியாவுல மார்ட்டின் டூகியாமாஸ் 2002ல முதல் பதிப்ப வெளியிட்டாரு. அவரோட எண்ணம், மாணவர்கள் ஒருத்தரோட ஒருத்தர் பேசி, விவாதிச்சு, சேர்ந்து அறிவ உருவாக்கணும்ங்கறது, அதனாலதான் அதுல விவாத மேடையும், விக்கியும், சேர்ந்து எழுதற வசதியும் முக்கியம். இன்னிக்கு உலகம் முழுக்க காலேஜ்ல ஓடுது. ஆனா நான் பார்த்த பல இடத்துல அதுல பிடிஎஃப் போடறதும், அசைன்மென்ட் வாங்கறதும், குயிஸ் வைக்கறதும்தான் நடக்குது. சாப்ட்வேர் நல்லாத்தான் வேலை செய்யுது, உள்ள இருந்த எண்ணம் பயன்படுத்தறவங்ககிட்ட போய்ச் சேரல. எந்த பட்டன முன்னாடி வைக்கறது, எந்தப் பயிற்சிய டீச்சருக்கு முதல்ல குடுக்கறதுங்கறதெல்லாம் வேலைதான், அத விஷன் இல்லாம முடிவு பண்ணா எது சுலபமோ அதுதான் ஜெயிக்கும்.

அப்போ புதுசா வர்ற நீங்க என்ன பண்ணலாம்? எனக்கு உதவின ஒரு பழக்கத்த சொல்றேன். யாராவது பெருசா ஒரு கனவு சொன்னா, மறுக்காதீங்க, சிரிக்காதீங்க, அதுக்குள்ள ஒரு குழந்தையையும் ஒரு மெஷினையும் ஒரு நாளையும் வச்சுப் பாருங்க. "கத்துக்கறது ஜாலியா இருக்கணும்"னு ஒரு இஷ்யூ போட்டா அத யாராலயும் மூட முடியாது, அஞ்சு வருஷம் திறந்தே கிடக்கும். "ஸ்பீக்கர் இல்லாத மெஷின்ல இந்த விளையாட்ட திறந்தா குழந்தைக்கு என்ன பண்றதுன்னு தெரியல, சத்தம் வராதப்போ எழுத்த ஸ்கிரீன்லயும் காட்டணும்"னு போட்டா ஒரு காலேஜ் பையன் ஒரு வாரத்துல முடிச்சுடுவான். ரெண்டும் ஒரே கனவுதான். அதே மாதிரி, யாராவது ஒரு ஃபீச்சர் வேணும்னு பேட்ச் (கோடுல செய்யற மாத்தம்) அனுப்பினா கோடு சரியா இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க. எல்லா விளையாட்டுலயும் மார்க் போட்டு வகுப்புல முதல் ரேங்க் யாருன்னு காட்டலாம்னு ஒருத்தர் அருமையா எழுதி அனுப்பலாம், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகலாம், ஆனா குழந்தை பயமில்லாம தப்பு பண்ணிப் பார்க்கற இடமா இருக்கணும்னு அந்த ப்ராஜெக்ட் ஆரம்பிச்சிருந்தா அத வேண்டாம்னு சொல்றதுக்கு அந்த விஷன் ஒண்ணுதான் துணை. வேண்டாம்னு சொல்றப்போ காரணத்த முழுசா எழுதுங்க, அனுப்பினவரு நாள் கணக்கா உழைச்சிருப்பாரு.

இன்னொண்ணு, கனவு பேசறவரும் வேலை செய்யறவரும் வேற வேற ஆளா இருந்துட்டே இருந்தா அந்த கம்யூனிட்டி சீக்கிரம் கசந்துடும். கனவு பேசறவருக்கு மாசத்துக்கு ஒரு பக்காவது சரி பண்ணவோ, ஒரு பக்கம் மொழிபெயர்க்கவோ வேலை இருக்கணும். வேலை செய்யறவங்கள வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒரு வகுப்புல, கீபோர்டத் தொடாம, வாயத் திறக்காம, பின்னாடி பெஞ்சுல ஒரு மணி நேரம் உக்கார வைக்கணும். வாயத் திறக்காம இருக்கறதுதான் கஷ்டம், குழந்தை திணறும்போது நம்ம கை தானா மவுஸுக்குப் போகும்.

உருகுவேல ஒண்ணு நடந்துச்சு, அத சொல்லாம விட மனசு வரல. சுகர்ல வளர்ந்த சில பசங்க பத்து பன்னெண்டு வயசுல ஆமை ப்ளாக்ல விளையாட ஆரம்பிச்சு, அப்புறம் பைத்தான் கத்துக்கிட்டு, டீன் ஏஜ்ல சுகருக்கே பேட்ச் அனுப்பற அளவுக்கு வந்தாங்க. யூஸ் பண்ற குழந்தையே எழுதறவங்களா ஆயிட்டாங்க, கிட்டுக்கு டார்வால்ட்ஸ் இருந்த மாதிரி. உள்ள இருக்கற கோட குழந்தை பார்க்கணும்னு ஒரு கீ வச்சாங்கல்ல, அந்தக் கனவு நிஜமாச்சு. ஆனா கீய வச்சதால மட்டும் ஆகல, அந்தப் பசங்க அனுப்பின கோட பொறுமையா படிச்சு, இத இப்படி மாத்துப்பான்னு பதில் எழுதின ஆளுங்க இருந்ததாலயும்தான் ஆச்சு.

அந்த கிராமத்து ஸ்கூலுக்கு நான் திரும்பப் போனப்போ ரெண்டு சின்ன ஸ்பீக்கர் எடுத்துட்டுப் போனேன், கூடவே மூணாம் வகுப்பு கணக்குப் புஸ்தகத்த வச்சு எந்தப் பாடத்துக்கு எந்த விளையாட்டுன்னு ஒரு தாள்ல எழுதி டீச்சர்கிட்ட குடுத்தேன். அவங்க கண்ணாடி போட்டுட்டு மேல இருந்து கீழ வரைக்கும் நிதானமா படிச்சாங்க, ரெண்டு இடத்துல பேனாவால பாட எண்ணத் திருத்தினாங்க. அப்புறம் தாள என் பக்கம் திருப்பி, "கழித்தல்ல கடன் வாங்கறது இருக்குல்ல, அதுலதாம்மா என் பசங்க தடுமாறுவாங்க, அதுக்கு இதுல ஒண்ணும் இல்லையே"ன்னாங்க. இருக்கற விளையாட்டையெல்லாம் தேடிப் பார்த்துட்டேன், அவங்க கேக்கற மாதிரி இல்ல. பத்துக் குச்சிக் கட்ட அவுத்து ஒத்தைக் குச்சியா எடுத்து வைக்கற மாதிரி பண்ணலாமேன்னு அவங்களே நோட்டுல படம் போட்டுக் காட்டினாங்க, அத போட்டோ எடுத்து வச்சிருக்கேன், இந்த வாரம் இஷ்யூவா போடணும்.